சுவடியும் சுவடும்

தமிழில் 'சுவடி' என்றும் 'சுவடு' என்றும் இரு சொற்கள் உள. ஓசையால் நெருங்கி நிற்பினும் பொருளால் இவை வேறு வேறு திசை நோக்குவன. சுவடியாவது, ஒருவன் பிறர் படித்தற்பொருட்டு எண்ணித் துணிந்து எழுதிவைத்தது. சுவடாவது, அவன் தன் வழியே நடக்குங்கால், அவன் நினையாமலே அவன் அடியிலிருந்து மண்ணில் விழுந்தது. முன்னதைக் காத்தல் அறம். பின்னதைக் காற்றும் மழையும் தாமே அழித்து வந்தமையின், அதனைப்பற்றி நம் முன்னோர் கவலைகொள்ள நேர்ந்திலது. நம் காலத்திலோ, சுவடுகளையெல்லாம் சுவடிகளாக்கி அடுக்கிவைக்கும் பொறியொன்று மேசைதோறும் அமர்ந்திருக்கிறது. அப்பொறியின்கண் நாம் இட்ட கட்டளைகளின் சுவட்டை நாமே அழித்துக்கொள்ளுதல் முறையா, எவற்றை அழிக்கலாம், எவற்றை அழிக்கலாகாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியை ஏவும் முறை இரண்டு. ஒன்று, திரையில் தோன்றும் படங்களைச் சுட்டி அழுத்துவது. மற்றொன்று, செய்யவேண்டியதைச் சொல்லாகத் தட்டெழுதிக் கட்டளையிடுவது. பின்னதே பழைய முறை. ஒரே கட்டளையைப் பலமுறை எழுதுவார்க்கு விரல் நோவு மிகுதி. அந்நோவைக் குறைத்தற்பொருட்டு, 1970-களின் பிற்பகுதியில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த பில் ஜாய் என்பவர், இட்ட கட்டளைகளை நினைவில் வைத்து வேண்டும்போது மீட்டுத் தரும் வசதியைத் தாம் இயற்றிய 'சி ஷெல்' என்னும் நிரலில் அமைத்தார். 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாஷ்' என்னும் நிரல் அவ்வசதியை மேற்கொண்டு, கட்டளைகளைக் கோப்பொன்றில் எழுதிவைக்கலாயிற்று. நாம் வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து 500 கட்டளைகளை அது நினைவிற் கொள்ளும். லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் வழங்குவது இதுவே.

நம்மிற் பலரும் பயிலும் விண்டோஸ் கணினியில், 1995-ஆம் ஆண்டு தொட்டு 'ரன்' என்னும் சிறு பெட்டியொன்று உண்டு. விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தின் அது தோன்றும். அதன்கண் ஒரு நிரலின் பெயரையோ, கோப்புறையின் வழியையோ, இணைய முகவரியையோ எழுதி அனுப்பலாம். எழுதியவை அவ்வளவோடு மறைந்துபோவதில்லை. கணினியின் உட்பதிவேட்டில் 'ரன் எம்.ஆர்.யூ.' என்னும் பெயருடைய அறையொன்றில், ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துக்களையும் அடையாளமாகக் கொண்டு, இருபத்தாறு கட்டளைகள் வரை அவை தங்கும். எது முன்னே இட்டது, எது பின்னே இட்டது என்னும் வரிசையும் உடன் எழுதப்படும். அடுத்து வந்து அமர்வார் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறு அம்பினை அழுத்தினால், முன்னவர் எங்கெங்குச் சென்றார் என்பது நிரல்பட விரியும்.

இவ்வசதியைப் படைத்தோர் எவரையும் வேவு பார்க்கும் கருத்தினரல்லர். அக்காலத்தே தனக்கெனக் கணினியுடையான், தன் வசதிக்காகத் தன் சொற்களைத் தானே மீட்டுக்கொள்ள அமைத்தது அது. வீட்டுக்குள் ஒருவன் தன் நினைவுக்காகச் சுவரில் கரியால் எழுதிவைத்த குறிப்பை ஒக்கும். ஆனால் அச்சுவரைச் சத்திரத்தின் சுவராக மாற்றிவிட்டால், வழிப்போக்கர் அனைவரும் அதனைப் படிப்பர் அன்றோ? தனிக்கணினிக்கு வசதியாய் இருந்தது பொதுக்கணினியில் ஊறாய் முடிந்த வகை இதுவே.

பொதுக்கணினியைப்பற்றிப் பேசுதற்கு வாலாஜாபாத்தைக் காட்டிலும் தக்க இடம் வேறு வேண்டா. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயர்தாங்கி, பாலாற்றங்கரையில் கம்பெனிப் படையின் பாளையமாக ஒருகாலத்து விளங்கிய இச்சிற்றூர், இன்று ஒரு தொழிற்பெருவழியின் வாயிலாக நிற்கிறது. வண்டலூரிலிருந்து வரும் சாலை, ஒரகடத்தில் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையைக் குறுக்கே கடந்து இவ்வூரை வந்தடைகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-ஆம் ஆண்டிலும் தொழில் தொடங்கிய பின்னர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் இப்பகுதிக்கு வந்து குடியேறினர். வாடகை அறையில் நால்வரும் அறுவருமாய்த் தங்கும் இவர்களுட் பலர்க்குத் தனிக்கணினி ஏது? விண்ணப்பம் எழுதவும், சம்பளச் சீட்டை அச்சிடவும், சேமநிதிக் கணக்கைப் பார்க்கவும், வேறு வேலைக்கு மனுச்செய்யவும் இவர்கள் நாடுவது பிரவுசிங் சென்டரையும், ஆலையில் மேற்பார்வையாளரின் மேசைமேலுள்ள பொதுக்கணினியையும், நண்பனின் மடிக்கணினியையுமே. ஷிப்டு முறையில் ஆட்கள் மாறுவதுபோல நாற்காலியிலும் ஆட்கள் மாறுகின்றனர். நாற்காலியும் கணினியும் ஒன்றே. பல இடங்களிற் கணக்குப் பெயரும் கடவுச்சொல்லுங்கூட ஒன்றே.

அச்சுவட்டில் அப்படி என்னதான் இருக்கும் எனின், ஒன்றைக் காட்டுதும். கோப்பின் வழியைக் கட்டளையாக எழுதுவோர், கோப்பின் பெயரையும் உடன் எழுதுவர். 'ராஜினாமாக் கடிதம்' என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தவன், தான் இன்னும் எவருக்கும் சொல்லாத முடிவை அடுத்த ஷிப்டுக்கு அறிவித்துவிட்டுச் செல்கிறான். மருத்துவச் சோதனையின் முடிவைத் திறந்த பெண்ணின் நிலை அதனினும் கொடிது. கோப்புக்குள் என்ன எழுதியிருந்தது என்பது பிறருக்குத் தெரியவேண்டுவதில்லை, பெயரொன்றே போதும். நம் போன்ற மாணவர்க்கு வேறொரு கேடும் உண்டு. கணினி ஆய்வகத்தில் தரவுத்தளத்துக்குள் நுழையும் கட்டளையோடு கடவுச்சொல்லையும் ஒரே வரியாக எழுதிவிடுவார் உளர். அக்கடவுச்சொல் மறைப்பேதுமின்றி, கட்டளைச் சுவட்டில் எழுத்து மாறாமல் அப்படியே தங்கிவிடும்.

ஒரு சிறு சுவடு முழு மனிதனையும் வெளிப்படுத்திவிடும் என்னும் உண்மையைத் தமிழ் பயில்வோர்க்குக் கணினி வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. ஐந்திணை அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. காதல் ஒருவன் ஒருத்தியின் உள்ளத்துக்கு உரியது. அதனைப் பாடலாம், ஆயின் இன்னார் காதல் என்று ஊரறியச் சொல்லலாகாது என்பது அதன் கருத்தாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளையுடைய பாட்டு. பிரிந்த தலைவியின் துயரும், பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் தலைவனின் நிலையும் அதன்கண் உள. பெயர் யாண்டும் இல்லை. எனினும், வேலின் தலையில் வேம்பு சூட்டியிருந்தது என்னும் ஒரு குறிப்பு அதன்கண் உளது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பால் தலைவன் இன்னான் எனப் புலனாகிவிடுதலின், அது அகமாகாது புறமாயிற்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். நூற்றெண்பத்தெட்டு அடிகள் காத்த மறையை ஒரு வேப்பம்பூ திறந்துவிட்டது. இருபத்தாறு கட்டளைகளில் ஒன்று நம் அகத்தைப் புறமாக்கப் போதாதா?

ஆகவே, பொதுக்கணினியை விட்டு எழுமுன் தன் கட்டளைச் சுவட்டை அழித்துச் செல்லுதல் தவறன்று என்பதோடு அமையாது, அது செய்யத்தக்க கடமை என்பதே யாம் கொண்ட துணிபு. இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது தடை, "குற்றம் செய்யாதவனுக்கு மறைப்பு எதற்கு?" என்பது. இதனைக் கூறுவோர் தம் வீட்டுக்குக் கதவு வைக்காதவரல்லர். தம் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாதவருமல்லர். மறைத்தல் வேறு, வஞ்சித்தல் வேறு. ஜெபம் செய்வோன் தன் அறைக்குட் புகுந்து கதவை அடைத்துக்கொள்ளவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார். ஜெபம் குற்றமாகுமா? மிகத் தூயதாகிய செயலுக்கே மூடிய கதவு வேண்டுமென்று அவர் கண்டனர். இனி, நம்மவருட் சிலர், "கடவுள் எல்லாவற்றையும் காண்கிறாரே, அவருக்கு மறையாததை மனிதர்க்கு மறைப்பானேன்?" என்பர். கடவுள் காண்கிறார் என்பது மெய்யே. ஆயினும், காணும் அவ்வுரிமையை அவர் நம் அண்டைவீட்டானுக்குக் குத்தகைக்கு விட்டதாக வேதாகமத்தில் யாண்டும் காணோம். அவர் காண்பதோடு மன்னிக்கவும் செய்கிறார். அண்டைவீட்டான் காண்பதோடு நில்லாது பேசவும் செய்கிறான்.

நான்கு சுவிசேஷங்களிலும் ஆண்டவர் எழுதினார் என்று கூறும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்று உளது. ஒரு பெண்ணைக் குற்றஞ்சாட்டிப் பலர் நடுவே நிறுத்தியபோது, அவர் குனிந்து தரையில் எழுதினார் என யோவான் சுவிசேஷம் கூறும். என்ன எழுதினார் என்று அது கூறவில்லை. கல்லிலும் தோலிலும் எழுதாது, அடுத்த காற்றில் அழிந்துபடும் மண்ணில் அவர் எழுதியதை யாம் வியந்து நினைப்பதுண்டு. பிறர் குறையை அழியா எழுத்திற் பொறித்து வைத்துக்கொள்ளும் விருப்பம் மனிதர்க்கே உரியது போலும்.

இரண்டாவது தடை நம் போன்ற தமிழ் மாணவரை நோக்கி எழுவது. "ஏடுகள் அழிந்தமையால் தமிழுக்கு நேர்ந்த இழப்பை அறிந்த நீங்களா அழித்தலுக்குப் பரிந்து பேசுகிறீர்கள்?" என்பர். இது நெஞ்சைத் தைக்கும் வினாவே. பழுதுற்ற ஏடுகளை ஆற்றுவெள்ளத்தில் விட்டதும் தீயிலிட்டதும் நம் நாட்டில் நிகழ்ந்தன. எஞ்சியவற்றை ஊரூராய்த் தேடித் திரிந்து, உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும், 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டையும், 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிடின், மேலே யாம் எடுத்துக்காட்டிய வேப்பம்பூவை நாம் கண்டிருப்போமா? காத்தலின் அருமையை அறியாது யாம் இதனை எழுதவில்லை.

ஆயினும் தொடக்கத்தே கூறிய வேற்றுமையை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். நக்கீரர் தம் பாட்டைப் பிறர் கேட்கவே பாடினார், அது சுவடி. அதனை அழித்தவன் ஒரு கொடையைக் கெடுத்தவனாவான். கட்டளைச் சுவடோ எவருக்கும் கொடுத்ததன்று, கேளாமல் எடுக்கப்பட்டது. ஒருவன் வெளியிடுதற்கென எழுதியதை அழித்தல் களவாதல் போல, அவன் வெளியிட எண்ணாததைச் சேர்த்துவைத்தலும் ஒருவகைக் களவே. அன்றியும், ஒருவன் தன் கைப்படிவத்தில் அடித்துத் திருத்தியதையெல்லாம் அச்சிட்டே தீரவேண்டுமென்று எப்புலவரும் சொல்லிற்றிலர். எதனை விடுத்துச் செல்வது என்று தெரிந்தெடுக்கும் உரிமை எழுதியவனுக்கு இருப்பதனாலேதான், அவன் விடுத்துச் சென்றதற்கு மதிப்பு உண்டாகின்றது.

மூன்றாவது தடையே மூன்றினுள்ளும் வலியது. "சுவட்டை அழிக்கும் பழக்கத்தைக் கற்பித்தால், பொல்லாதவனும் அதனைக் கற்றுத் தன் குற்றத்தின் சான்றை அழிப்பானே" என்பது அது. இதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. விடையைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதும் இல்லை. வாலாஜாபாத்துக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் உள்ளது உத்திரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்தே, 919, 921-ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அவ்விதிகளுள் ஒன்று யாதெனின், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் தேர்தற்கு உரியரல்லர் என்பது. பொதுப்பணம் கையாண்டவன் கணக்கு காட்டியே தீரவேண்டும். அதற்கு அழிவு கூடாது. அதனாலன்றோ விதியைக் கல்லில் வெட்டினர்.

ஆகவே, அழிக்கலாவதையும் அழிக்கலாகாததையும் பிரித்தறிய வேண்டும் வினா ஒன்றே: இதற்கு நாம் எவருக்கேனும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோமா? ஆம் எனின், அது கல்லெழுத்து; நாம் தொடலாகாது. இல்லை எனின், அது கால்தடம்; நாம் துடைத்துச் செல்லலாம். ஆலையின் கணினியில் பணியின் பொருட்டு இட்ட கட்டளைகள் ஆலையின் கணக்கைச் சார்ந்தவை. அவற்றை நிருவாகத்தின் விதிக்கு மாறாக அழித்தல் கூடாது. அதே கணினியில் உணவு இடைவேளையில், இசைவுபெற்றுத் தன் சேமநிதிக் கணக்கைப் பார்த்தானாயின், அதன் தடம் அடுத்தவன் கண்ணுக்கு உரியதன்று.

சட்டமும் இவ்வேற்றுமையை ஒருவாறு உணர்ந்தே நிற்கிறது. 2011-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பிரவுசிங் சென்டர் நடத்துவோர் வருவோரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டேனும் வைத்திருத்தல் வேண்டும். அங்குப் பார்க்கப்பட்ட இணையதளங்களின் பதிவையும் ஓராண்டு காத்தல் வேண்டும். தடுப்புச் சுவர் நாலரை அடிக்கு மேற்படலாகாது என்றும் அவ்விதிகள் கூறும். 'செர்ட்-இன்' என்னும் மத்திய அரசு அமைப்பு 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள்ளேயே காத்துவரவேண்டும். சான்றாகக் காட்டவேண்டிய மின்பதிவை, அது வெளிப்படாதிருத்தற்பொருட்டு அழிப்பது, 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின்கீழ்க் குற்றமாகும். இவ்வாறு காவல்துறை கேட்டற்குரிய பதிவுகளைக் காக்கும் பொறுப்பு வேறிடத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்து வந்தமர்வான் ஒருவன் அம்பினை அழுத்திப் பார்த்தற்காக நம் சுவட்டை விட்டுச்செல்லவேண்டும் என்று எச்சட்டமும் சொல்லவில்லை.

நம் சுவடேயாயினும் அழிக்காமல் வைக்கவேண்டிய சமயம் ஒன்று உண்டு; அதனையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 2024-ஆம் ஆண்டு தொட்டு 'கிளிக்ஃபிக்ஸ்' என்னும் பெயரால் ஒரு வஞ்சகம் உலகெங்கும் பரவியது. "நீர் மனிதரே என்று மெய்ப்பிக்க, விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் அழுத்தி, தோன்றும் பெட்டியில் இதனை ஒட்டி அனுப்புக" என்று ஒரு பொய்ப்பக்கம் பணிக்கும். கேட்டவன் அவ்வாறே செய்ய, அவன் கையாலேயே அவன் கணினிக்குள் திருடன் புகுத்தப்படுவான். அவ்வாறு ஏமாற்றப்பட்டவன் நாணத்தாலோ அச்சத்தாலோ தன் 'ரன்' பெட்டியின் சுவட்டை அழித்தல் ஆகாது. ஒட்டிய கட்டளை அங்கே தங்கியிருக்குமாதலின், ஆய்வாளர் தேடும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதனை அப்படியே விட்டு, 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தலே தக்கது.

காவலும் கண்ணோட்டமும் எவ்வாறு பொருந்தும் என்று வினவுவார்க்குத் திருவள்ளுவர் தம் நூலின் வைப்புமுறையாலேயே விடையிறுத்துள்ளார் என்பது எம் கருத்து. அரசனுக்கு ஒற்று வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. 'ஒற்றாடல்' என்று ஓரதிகாரமே வகுத்தார். அது 59-ஆம் அதிகாரம். அதற்கு முன்னே நிற்கும் 58-ஆம் அதிகாரம் 'கண்ணோட்டம்'. பிறர்மேல் இரங்கும் கண்ணைப் பெற்ற பின்னரே, பிறரை உற்று நோக்கும் கண்ணைப் பெறவேண்டும் என்று இவ்வரிசைக்கு யாம் பொருள் கொள்ளுகிறோம். இற்றை நாளிற் பலர் 58-ஐ விடுத்து 59-ஐ மட்டும் படித்தார் போன்று ஒழுகுகின்றனர்.

அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமையே என்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப்பற்றிய தரவை அழிக்குமாறு கேட்கும் உரிமையைக் கூறுகிறது; அதற்குரிய விதிகள் 2025-ஆம் ஆண்டு நவம்பரில், படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வெளியிடப்பெற்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இச்சட்டம் நம் தரவைத் தொகுத்து ஆளும் நிறுவனங்களையே முதன்மையாக நோக்குவது. நாற்காலியை விட்டு நாம் எழும்போது எஞ்சியிருக்கும் சுவட்டைத் துடைத்துத் தர உச்சநீதிமன்றம் வாராது. அது நம் கைப்பழக்கத்தாலன்றி நிகழ்வதன்று.

அப்பழக்கம் செவ்வையாய் அமைதற்குச் சில அறிதல் வேண்டும். திரையைத் துடைக்கும் கட்டளை கண்ணெதிரே உள்ள எழுத்தை மட்டுமே மறைக்கும்; சுவட்டைத் தொடாது. விண்டோஸிலுள்ள பழைய கறுப்புக் கட்டளைப் பலகை, அதனை மூடினவுடன் தன் நினைவை இழந்துவிடும்; ஆனால் 'பவர்ஷெல்' என்னும் புதிய பலகையோ கட்டளைகளைக் கோப்பொன்றில் எழுதிவைக்கும். அதில் வரலாற்றை அழிக்குமாறு கட்டளையிடினும் அக்கோப்பு தானே அழிவதில்லை. அதனைத் தனியே நீக்கவேண்டும். பாஷ் நிரலிலும், நினைவில் உள்ளதை நீக்கினாற் போதாது; கோப்பிலும் அதனை எழுதி நிறைவேற்றல் வேண்டும். லினக்ஸ் சிலவற்றில் ஓர் அழகிய ஏற்பாடு உளது: கட்டளைக்கு முன் ஓரிடைவெளி விட்டு எழுதினால், அக்கட்டளை சுவட்டில் ஏறுவதேயில்லை. 'ரன்' பெட்டியின் சுவட்டை, அண்மையிற் பயின்றவற்றை நினைவிற் கொள்ளும் அமைப்பை நிறுத்துவதாலோ, மேற்சொன்ன 'ரன் எம்.ஆர்.யூ.' அறையிலுள்ளவற்றை நீக்குவதாலோ போக்கலாம். உட்பதிவேட்டில் வேறெதனையும் தொட்டால் கணினியே பழுதுறக்கூடுமாதலின், அறியாதார் அறிந்தாரை உடன்வைத்துச் செய்தல் நலம். இவ்வாறு அழித்தவை கண்ணுக்கு மறையுமேயன்றி, வல்லுநர் கருவிக்கு முற்றும் மறைந்தன என்று எண்ணிவிடுதலும் பேதைமை.

இவற்றினும் நல்ல வழி வேறொன்று உண்டு. 'ரன்' பெட்டியின் சுவடு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியே எழுதப்படுவது. ஆதலின், ஒரே கணக்கில் அனைவரும் நுழைவதை விடுத்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு கணக்கை வகுத்துவிட்டால் ஒருவர் சுவடு மற்றவர்க்குத் தோன்றாது. வருவோர் போவோர்க்கென்று, வெளியேறியவுடன் யாவற்றையும் மறந்துவிடும் கணக்கொன்றை அமைப்பதும் இயலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது கண்ணோட்டமே வேண்டும்.

ஆகலின், யாம் வேண்டுவன சில. நம் கலாசாலையின் கணினி ஆய்வகத்திலும் நூலகத்திலும் உள்ள பொதுக்கணினிகள், மாணவர் வெளியேறியதும் அவர் சுவட்டைத் தாமே மறக்குமாறு அமைக்கப்படுதல் வேண்டும். கலாசாலையின் கணக்குக்கு வேண்டிய பதிவுகள் பொறுப்பாளர் கையில் மட்டும் இருக்க, எத்தனை நாள் இருக்கும் என்பது அறிவிப்புப் பலகையில் எழுதப்படுதல் வேண்டும். முதலாண்டு மாணவர்க்குக் கணினியைத் திறக்கக் கற்பிக்கும் அன்றே, அதனை விட்டு எழும் முறையையும் கற்பித்தல் வேண்டும். ஊழியத்துக்கென்று சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் செல்லும் நம் நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள், வாலாஜாபாத்திலும் ஒரகடத்திலும் தங்கியுள்ள தொழிலாள இளைஞர்க்கு ஒரு மாலைப்பொழுதில் இதனைச் சொல்லித் தரலாம். ஏனெனின், தனிக்கணினி உடையானுக்கு அந்தரங்கம் கேளாமலே வாய்க்கிறது; பொதுக்கணினியை நாடுவோனுக்கோ, யாரேனும் கற்பித்தாலன்றி வாய்ப்பதில்லை. செல்வர்க்குச் சுவரும் ஏழைக்குச் சந்தியும் என்று அந்தரங்கம் பங்கிடப்படுவதை, உரிமை என்று தீர்ப்புப் பெற்ற ஒரு நாட்டில் நாம் பொறுத்திருத்தல் ஆகாது.

இறுதியாக, அடுத்து வந்து அமர்வோர்க்கு ஒரு சொல். நோவா தன் கூடாரத்தில் நிலைதவறிக் கிடந்தபோது, ஒரு மகன் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்றை இருவராகிய சேமும் யாப்பேத்தும் ஓர் ஆடையைத் தோளிலிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடினர் என்று ஆதியாகமம் கூறும். முன்னவர் அழிக்க மறந்து சென்ற சுவடு நம் கண்ணிற் படுமாயின், அதனைப் படியாமலே அழித்துவிடுதல் அவ்விருவர் செய்த செயலை ஒக்கும். தன் சுவட்டைத் துடைத்துச் செல்லுதல் அறிவுடைமை. பிறர் சுவட்டைப் பாராது துடைத்தல் பண்புடைமை. சுவடிகளைக் காத்தற்கென்று தமிழ் கற்கும் நாம், சுவடுகளை மன்னித்து மறக்கவும் கற்போமாக.